மேசையில் இருந்த பைபிளும் ஊரில் சுற்றிய குரல்பதிவும்



நீளமான பதிவு இது. நேரம் இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். நேரம் இல்லாதவர்கள் பாதியில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பாமல் இருந்தாலே பெரிய உதவி.

போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றியது. பலரும் கேட்டிருப்பீர்கள். "நம்மட பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கிற ஒரு டீச்சர்ட மேசையில பைபிள் கிடக்காம். அத வாசிச்சு என்ன பிரயோசனம்? நம்மட பிள்ளையள்ட ஈமானுக்கு ஆரு பொறுப்பு?" பெயர் சொல்லப்படவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கடைக்காரர் முதல் ஓட்டோக்காரர் வரை என்னைப் பார்த்த பார்வையிலேயே யாரைப் பற்றிய கதை என்று விளங்கிவிட்டது.

அந்த டீச்சர் நான்தான்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். நான் தமிழ் படிப்பிக்கிறேன். சமயம் என் பாடம் அல்ல. எனக்குப் பாடம் இல்லாத நேரத்தில் ஆசிரியர் அறையில் இருந்து மத்தேயு எழுதிய நற்செய்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். எந்தப் பிள்ளைக்கும் அதைக் கொடுக்கவில்லை, எந்தப் பிள்ளைக்கும் அதிலிருந்து ஒரு வரி படிப்பிக்கவில்லை. இவ்வளவுதான் விசயம். அதிபரிடமும் இதைத்தான் சொன்னேன்.

ஆனால் குரல்பதிவில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அத வாசிச்சு என்ன பிரயோசனம்? இதற்குப் பதில் சொல்லாமல் "என் தனிப்பட்ட உரிமை" என்று தப்பிக்க நான் விரும்பவில்லை. பிரயோசனம் உண்டு, அதுவும் மறுமை விவாதத்துக்கு முன்னால் அன்றாட வாழ்க்கைக்கே உண்டு என்பதுதான் என் பதில்.

என் அகீதாவில் சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈஸா அலைஹிஸ்ஸலாம் அல்லாஹ்வின் அடியார், தூதர். அவர் அல்லாஹ்வின் மகன் அல்ல, சிலுவையில் கொல்லப்படவும் இல்லை. அல்குர்ஆன் முந்திய வேதங்களை உண்மைப்படுத்துவது, அவற்றைக் கண்காணிப்பது என்று ஸூரா அல்மாஇதாவின் 48ஆம் வசனம் சொல்கிறது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். எல்லா மதமும் ஒன்றுதான் என்று மேடையில் பேசி மாலை வாங்குகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். ஒன்றாக இருந்திருந்தால் வாசிக்கவே தேவையில்லையே.

இனி ஏன் வாசிக்கத் தொடங்கினேன் என்ற கதை.

ஆசிரியர் பயிற்சிக்காக விடுதியில் இருந்த காலத்தில் என் அறையில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை இருந்தாள். மன்னார்க் கரையைச் சேர்ந்தவள். இரவில் நான் ஸூரா முல்க் ஓதுவேன். அவள் தன்னுடைய புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துவிட்டுப் படுப்பாள். ஒருநாள் அவள் என்னிடம் கேட்டாள், "உங்கட குர்ஆன்ல மரியாளுக்கு ஒரு அதிகாரமே இருக்காமே, தமிழ்ல இருந்தா தாவன்." ஸூரா மர்யமின் தமிழாக்கத்தைக் கொடுத்தேன். 98 வசனத்தையும் வாசித்து முடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். நான் அவளுடைய புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன். ஏனென்றால் அதில் உள்ள பிழைகள் எனக்கு ஏற்கனவே தெரியும். எங்கள் வீட்டில் சீடிகள் இருந்தன.

இரண்டாம் வருடத்தில் அவளுடைய அப்பா கடலில் போய்விட்டார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த கிழமை, இரவு நெடுநேரம் அந்தப் புத்தகத்தோடு இருந்தாள். எனக்குள் இருந்த தஃவா உணர்வு அன்றைக்குத்தான் விழித்தது. "யோசேப்பின்ட தகப்பன் பெயர் மத்தேயுவில ஒண்டு, லூக்காவில வேறொண்டு. எது சரி?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அன்றிரவு அவள் வாசித்துக்கொண்டிருந்தது திருப்பாடல்கள். நாம் ஸபூர் என்று சொல்கிறோமே, தாவூத் நபிக்குக் கொடுக்கப்பட்டது என்று ஈமான் கொண்டிருக்கிறோமே, அந்தப் பெயரோடு சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பகுதி. துக்கத்தில் இருப்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வாப்பாவை இழந்து ஒரு மாதமாகாத பிள்ளையிடம் நான் கேட்ட கேள்வி அது.

சீடிகளைக் குறை சொல்லவில்லை. ஷெய்க் அஹ்மத் தீதாத் (அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக) தென்னாபிரிக்காவில் ஒரு கடையில் வேலை செய்த இளைஞராக இருந்தபோது, பக்கத்து மிஷன் கல்லூரிக்காரர்கள் வந்து அவரது மார்க்கத்தைச் சீண்டினார்கள். அவர் அதற்காக பைபிளை வரி வரியாக வாசித்தார், பதில் சொன்னார். அவருக்கு அந்தத் தேவை இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர் புத்தகத்தை வாசித்தார். நாம் அவர் எடுத்த குறிப்பை மட்டும் வாசித்தோம். பாஸ் பேப்பர் விடையை மனனம் செய்த பிள்ளை பாடம் படித்ததாக நினைத்துக்கொள்வது போல.

2019 ஏப்ரல் 21. அந்த நாளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கு மேற்பட்ட உயிர்கள். செய்தவர்கள் நம்முடைய கலிமாவைச் சொல்லிக்கொண்டவர்கள். அன்றைக்கு நான் அவளுக்குத்தான் முதலில் போன் எடுத்திருக்க வேண்டும். வெட்கத்தில், பயத்தில் எடுக்கவில்லை. பின்னேரம் அவள் எடுத்தாள். "நீ சுகமா இருக்கிறியா? உங்கட ஊர்ல பிரச்சினை ஒண்டும் இல்லையே? வெளிய போகாத" என்றாள். ஈஸ்டர் பூசைக்குப் போய் வந்த பிள்ளை, தன்னுடைய ஆட்கள் செத்துக் கிடக்கும் நாளில், என்னைக் கவனமாக இருக்கச் சொன்னாள்.

அது எனக்கு விளங்கவில்லை. நல்ல பிள்ளை என்று சொல்லி விட்டுவிட முடியவில்லை. பிறகு ஒருநாள் மத்தேயு 5ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அதன் கடைசிப் பகுதியில், பகைவரை நேசிக்கும்படியும், துன்புறுத்துகிறவர்களுக்காகப் பிரார்த்திக்கும்படியும், வாழ்த்துகிறவர்களை மட்டும் வாழ்த்துவதில் என்ன பெருமை இருக்கிறது என்றும் ஈஸா நபி பேசுவதாக இருக்கிறது. அவள் சின்ன வயதிலிருந்து இரவிரவாக வாசித்து வந்தது இதைத்தான். அந்த போன் அழைப்பு வந்த இடம் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ஸூரா புஸ்ஸிலத்தின் 34ஆம் வசனம் ஞாபகம் வந்தது. தீமையை நன்மையால் தடுத்தால் பகைவனும் உற்ற நண்பனாவான் என்ற கருத்தில் வரும் வசனம். எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். அன்றைக்கு அதன்படி நடந்தது நான் அல்ல, அவள்.

இதுதான் முதல் பிரயோசனம். பக்கத்து வீட்டாரைத் தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் பிள்ளைகள் அவரவர் சமயத்தைக் கட்டாய பாடமாகப் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முஸ்லிம் பாடசாலையில் முதலாம் ஆண்டு சேர்ந்து சாதாரண தரம் எழுதி வெளியேறும் பிள்ளை, அடுத்த தெருவில் இருக்கும் கிறிஸ்தவப் பிள்ளை எதை நம்புகிறது, எதற்கு அழுகிறது என்று தெரியாமலேயே 16 வயதாகிவிடும். அந்தப் பிள்ளைக்கும் நம்மைத் தெரியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மை வெளியேற்றினார்கள். புத்தளத்து முகாமில் வளர்ந்தவர்கள் நாம். ஒரே மொழி பேசியும் தெரியாதவர்களாக இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு வேறு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரித்தபோது உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது பிரயோசனம் இன்னும் நெருக்கமானது. அது நம்முடைய சொந்த மார்க்கத்தை நமக்கே தட்டி எழுப்புகிறது.

ரமழான் வந்தால் உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். மாஷா அல்லாஹ். கொடுக்கும்போது அந்த ஏழை உம்மாவின் கையில் பொதியைப் பிடிக்கவைத்து, நான்கு பேர் சுற்றி நின்று, போட்டோ எடுத்து, பேஸ்புக்கில் போடுகிறோம். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் தர்மம் செய்தவர் அர்ஷின் நிழலில் இருப்பார் என்ற ஹதீஸை நான் மத்ரஸா காலத்திலிருந்து கேட்கிறேன். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஏறக்குறைய அதே உவமை வலது கை, இடது கையோடு வருகிறது. ஊர் பார்க்கத் தர்மம் செய்கிறவர்களையும், நோன்பு பிடித்திருப்பது தெரிய முகத்தை வாட வைத்துக்கொள்கிறவர்களையும் ஈஸா நபி கண்டிப்பதாக வருகிறது. யாரோ பழைய காலத்து யூதர்களைத் திட்டுகிறார் என்று வாசித்துக்கொண்டு போனவள், பாதியில் நின்றுவிட்டேன். போன ரமழானில் போட்டோவில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

வேலைக்கு வரும் பெண்ணுக்கு, மேசன்பாசுக்கு, கூலிக்கு வரும் தம்பிக்குச் சம்பளத்தை "நாளைக்கு வாங்களேன்" என்று இழுத்தடிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வேர்வை காய முன் கூலியைக் கொடு என்கிறது நம் ஹதீஸ். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் நானே எதிரி என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரியில் வருகிறது. அவர்களுடைய லேவியர் 19ஆம் அதிகாரம் கூலியாளின் கூலியை விடியும் வரை வைத்திருக்காதே என்கிறது. யாக்கோபின் கடிதத்தின் 5ஆம் அதிகாரம், கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே இறைவனிடம் கூக்குரலிடுகிறது என்கிறது. மூன்று இடத்திலும் இதையே சொல்லியும் நான் ஏன் இழுத்தடிக்கிறேன் என்று என்னிடம் நானே கேட்டேன்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் குத்ஸி உண்டு. நான் நோயுற்றேன், நீ வந்து பார்க்கவில்லை, பசித்தேன், உணவு தரவில்லை என்று மறுமையில் அல்லாஹ் மனிதனிடம் கேட்பான் என்ற கருத்தில் வரும். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் மறுமை விசாரணை ஏறக்குறைய இதே முறையில் வருகிறது. அங்கே பேசுகிறவர் யார் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அது பெரிய வேறுபாடு. ஆனால் ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடக்கும் ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. அந்தப் பட்டியலில் சிறையில் இருப்பவரும், உடுதுணி இல்லாதவரும், அந்நியரும் சேர்ந்து வருகிறார்கள். நம் ஊரிலிருந்து சிறைக்குப் போன பிள்ளைகளை யார் போய்ப் பார்க்கிறோம்?

இப்போது உங்கள் கேள்வி எனக்குக் கேட்கிறது. "எல்லாமே நம்மட ஹதீஸ்ல இருக்கே, பிறகெதற்கு அங்க போய் வாசிக்க?" நியாயமான கேள்வி. என் பதில் இது. மனனம் செய்த பிள்ளைக்குப் பாடம் காதில் விழுவதில்லை. வகுப்பில் நான் தினமும் பார்க்கிறேன். வாய் சொல்லும், மனம் எங்கோ இருக்கும். அதே விசயத்தை வேறு குரலில், வேறு ஆட்களுக்குச் சொல்லும்போது திடுக்கிட்டுக் கேட்கும். அல்லாஹ் அல்குர்ஆனில் பனூ இஸ்ராயீல்களின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்காகவா? அந்தக் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான்.

அடுத்து உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் ஹதீஸ். தவ்ராத்தின் ஏடொன்றை அவர் கொண்டு வந்தபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் கோபப்பட்டார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. குரல்பதிவிலும் அதைச் சொன்னார்கள். அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு. இருந்தாலும் நான் அதை ஒதுக்கவில்லை. நேர்வழிக்கு அல்குர்ஆன் போதாது என்று நினைத்து வேறு இடத்தில் தேடுவது கூடாது என்பதை அதிலிருந்து விளங்கிக்கொள்கிறேன். ஆனால் பனூ இஸ்ராயீல்களிடமிருந்து வருவதை அறிவிப்பதில் குற்றமில்லை என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. வேதக்காரர் சொல்வதை உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள் என்ற ஹதீஸும் அங்கேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக் குரல்பதிவு போட்டால் அது அறிவு அல்ல.

இது புதிய சண்டையும் அல்ல. 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் புர்ஹானுத்தீன் அல்பிகாஈ என்ற முஃபஸ்ஸிர் இருந்தார். நாம் மதிக்கும் இப்னு ஹஜர் அல்அஸ்கலானியின் மாணவர். தன்னுடைய தஃப்ஸீரில் தவ்ராத்திலிருந்தும் இன்ஜீலிலிருந்தும் நீண்ட பகுதிகளை எடுத்து எழுதினார். ஊரே கொந்தளித்தது. இமாம் ஸகாவீ மறுப்பு எழுதினார். பிகாஈ தன் பக்கத்தை விளக்கித் தனி நூலே எழுதினார். இப்னு ஹஜர் பத்ஹுல் பாரியில் ஈமானில் உறுதியில்லாதவருக்கும் உறுதியானவருக்கும் வித்தியாசம் வைத்துப் பேசுகிறார். நமது மத்ஹபின் நூல்களில் இதைவிடக் கடுமையான கருத்துகளும் இருக்கின்றன. மறைக்கவில்லை. ஆலிம்கள் நூல் எழுதி விவாதித்த விசயத்தை நாம் ஒன்றரை நிமிடக் குரல்பதிவில் முடித்துவிட்டோம் என்பதுதான் என் கவலை.

"வாசித்தால் மாறிவிடுவார்கள்" என்ற பயம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைப் பாருங்கள். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். ஒரு சொல்லையும் விடாமல் வாசித்த மனிதர். கிறிஸ்தவராக மாறினாரா? சைவத்துக்காகக் கடைசி வரை எழுதினார், பள்ளிக்கூடம் கட்டினார். நம் பிள்ளைகள் வழி தவறுவது புத்தகம் வாசித்ததால் அல்ல. வீட்டில் கேட்ட கேள்விக்கு அடி விழுந்ததால்தான் தவறுகிறார்கள்.

ஒரு பயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். கஷ்டத்தில் இருப்பவர்களிடம் அரிசியோடும் கடனோடும் போய் மதம் மாற்றப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு விசயம். அதை எதிர்க்கும் வரிசையில் நானும் நிற்பேன். அதற்கு மருந்து, அந்த வீட்டுக்கு நம் ஸக்காத் முதலில் போய்ச் சேர்வதுதான். சின்னப் பிள்ளைகள் கையில் பைபிளைக் கொடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. முதலில் தன் மார்க்கம், பிறகு மற்றது. நான் சொல்வது பெரியவர்களுக்கு. முக்கியமாகக் குத்பா ஓதுகிறவர்களுக்கும், ஊருக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கும், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எங்களுக்கும்.

ஜஃபர் ரழியல்லாஹு அன்ஹு அபீஸீனியாவில் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் நின்றபோது, ஓதுவதற்கு ஸூரா மர்யமைத் தெரிந்தெடுத்தார்கள். மன்னர் அழுதார், அகதிகளாகப் போன முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கிடைத்தது. எதிரே இருப்பவர்கள் யாரை நேசிக்கிறார்கள் என்று தெரியாத ஒருவரால் அந்தத் தெரிவைச் செய்திருக்க முடியுமா?

கடைசியாக, குரல்பதிவு போட்ட சகோதரருக்கு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், காணிக்கையோடு வந்தவனுக்குச் சகோதரன் மனத்தாங்கலோடு இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகட்டும் என்று வருகிறது. திங்களும் வியாழனும் அமல்கள் எடுத்துக்காட்டப்படும்போது பகைத்துக்கொண்ட இருவரின் விசயம் மட்டும் பிற்போடப்படும் என்று நம் ஹதீஸும் சொல்கிறது. ஆகவே நான் உங்களை மன்னித்துவிட்டேன். என் பக்கம் பிழை இருந்தால் நீங்களும் மன்னியுங்கள்.

பதிலாக ஒரு வேண்டுகோள். மத்தேயு 5, 6, 7. மூன்றே அதிகாரம், 111 வசனம். நம் ஸூரா யூஸுபுக்கும் அதே எண்ணிக்கைதான். உளூச் செய்துகொண்டு முதலில் ஸூரா யூஸுபைப் பொருளோடு ஓதுங்கள். பிறகு அந்த மூன்று அதிகாரத்தையும் பிழை தேடாமல் ஒருமுறை வாசியுங்கள். ஏற்கக் கூடாததை ஏற்க வேண்டாம். வாசித்த பிறகும் பிரயோசனம் இல்லை என்று தோன்றினால் இன்னொரு குரல்பதிவு போடுங்கள். அதை நான் முழுதாகக் கேட்பேன்.

என் கூட்டாளிக்கும் போன கிழமை போன் எடுத்தேன். அந்த இரவு கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. "எனக்கு அது மறந்தே போச்சு" என்றாள். மறக்கவில்லை என்று குரலில் தெரிந்தது.

வஸ்ஸலாம்.